எதிர் ஊடுருவல்: பாதிக்கப்பட்டவரின் உரிமைக்கு எல்லை எது?

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டனர். கோட்டையோடு சேர்ந்து கைமாறும் நிலத்தின் எல்லையை வகுக்க அவர்கள் அளவுகோலை நாடவில்லை. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கியால் சுடுவது, குண்டு விழும் தூரம் வரையுள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தமாவது என்பதே உடன்பாடு. அவ்வாறே சுடப்பட்டது. அவ்வூர்கள் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் பெற்றன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. விற்றவர் ஒப்பினார்; வாங்கியவர் ஒப்பினார். குண்டு விழுந்த ஊராரை மட்டும் எவரும் கேட்கவில்லை.

அதே கடற்கரையில் சற்றுத் தெற்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, மரக்காயர்களின் கடல் வணிகத்தால் புகழ்பெற்ற பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1733-இல் சுவீடன் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலொன்று அங்கு வந்து, பண்டகசாலையும் அமைந்தது. சுவீடன் கொடியின் கீழ் நடப்பது உண்மையில் தங்கள் ஏகபோகத்தை மீறும் கள்ள வணிகமே என்று ஐயுற்ற கடலூர் ஆங்கிலேயரும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் ஒன்று சேர்ந்து படையனுப்பி, அப்பண்டகசாலையைத் தாக்கிச் சரக்குகளைக் கைப்பற்றினர். பரங்கிப்பேட்டை அவ்விருவருள் எவருக்கும் உரிய ஊர் அன்று. ஆயினும் ஐயம் கொண்டவரே வழக்காளியும் நீதிபதியும் தண்டனை நிறைவேற்றுபவரும் ஆயினர்.

ஆயுதம் எட்டும் தூரமே உரிமையின் எல்லை, ஐயமே தீர்ப்பு. இவ்விரு எண்ணங்களும் பீரங்கிகளோடு மறைந்துவிடவில்லை. கணினி யுகத்தில் அவை வேறொரு பெயரில் திரும்பி வந்துள்ளன. அப்பெயர் ‘எதிர் ஊடுருவல்’. நம் கணினிக்குள் ஒருவன் அத்துமீறி நுழைந்தால், நம் படைப்பை ஒருவன் திருட்டுப் பிரதி எடுத்து இணையத்தில் பரப்பினால், அவனுடைய கணினிக்குள் நாமும் நுழைந்து தாக்கலாமா? இவ்வினாவைத் தொழில்நுட்ப வல்லுநர்களும் சட்ட அறிஞர்களும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக விவாதித்து வருகின்றனர். தற்காப்பு, பதிலடி, ஐயம், இழப்பீடு ஆகியவற்றை நுணுகி ஆய்ந்த ஃபிக்ஹ் மரபும் இதில் சொல்வதற்குப் பலவற்றைக் கொண்டுள்ளது. அவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எது தற்காப்பு, எது எதிர் ஊடுருவல்?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. நம் கணினிக்குக் கடவுச்சொல் இடுவதும், தாக்குதல் வரும் முகவரியைத் தடுத்து நிறுத்துவதும், யார் எப்போது நுழைந்தார் என்னும் பதிவேட்டைப் பாதுகாப்பதும், தாக்குண்ட கணினியை இணையத்திலிருந்து துண்டிப்பதும் நம் வீட்டுக்குள் நாம் செய்யும் காரியங்கள். அவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எதிர் ஊடுருவல் என்பது நம் வாசற்படியைத் தாண்டுவது. தாக்கியவனுடையது என்று நாம் கருதும் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்து, திருடப்பட்ட கோப்புகளை அழிப்பது; அந்தக் கணினியைச் செயலிழக்கச் செய்வது; அவன் யாரென்று உளவறிவது; அல்லது அவனுடைய இணையத்தளத்தின் மீது கோடிக்கணக்கான போலி வேண்டுகோள்களை ஒரே நேரத்தில் கொட்டி அதனை முடக்குவது. நான்கிற்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. ‘தாக்கியவன் இவன்தான்’ என்ற முடிவு முன்னதாகவே எடுக்கப்பட்டுவிடுகிறது. அம்முடிவு எந்த அளவுக்கு உறுதியானது என்பதே இவ்விவாதத்தின் உயிர்நாடி.

தடம் காட்டும் வீடு யாருடையது?

சாலையில் ஓடும் திருடனைக் கண்ணால் காண்கிறோம். இணையத்தில் நாம் காண்பது ஓர் ஐ.பி. முகவரியை மட்டுமே, அது இலக்கங்களின் ஒரு தொகுப்பு. அந்த முகவரிக்குரிய கணினியின் வழியாகத் தாக்குதல் வந்தது என்பதை அது காட்டும். அக்கணினியின் உரிமையாளர் தாக்கினார் என்பதைக் காட்டாது. மேலும், ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான செல்பேசி வாடிக்கையாளர்கள் பகிர்ந்து கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது.

திறமை வாய்ந்த ஊடுருவல்காரன் தன் சொந்தக் கணினியிலிருந்து தாக்குவதில்லை. பாதுகாப்புக் குறைந்த பிறருடைய கணினிகளை முதலில் வசப்படுத்துகிறான். பிறகு அவற்றை ஏவிவிடுகிறான். 2016-இல் உலகை அதிரச் செய்த மிராய் என்னும் தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய மோடம்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றிப் படையாகத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் டின் என்னும் அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டபோது, புகழ்பெற்ற பல இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கிய கருவிகளின் உரிமையாளர்களோ எதுவும் அறியாத பொதுமக்கள். கடலூர் கடைவீதியில் ஒரு நகைக்கடையின் கேமராவோ, சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் கணினியோ இத்தகைய படையில் சேர்க்கப்பட்டிருந்தால், அதன் உரிமையாளருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எதிர் ஊடுருவல் செய்பவரின் அடி முதலில் விழுவது அவர் மீதுதான்.

ஐயம் எங்கே போய் விழும் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். 1998 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினிகள் பல ஊடுருவப்பட்டன. ஈராக்குடன் போர் மூளும் சூழல் நிலவிய நேரம் அது. தாக்குதலின் தடங்களில் ஐக்கிய அரபு அமீரகத்தின் இணையச் சேவை ஒன்றும் காணப்பட்டது. இது ஈராக்கின் வேலையாக இருக்கக்கூடும் என்று வாஷிங்டனில் உயர்மட்டத்திலேயே அஞ்சப்பட்டது. விசாரணையின் முடிவில் அகப்பட்டவர்கள் கலிபோர்னியாவின் பதின்பருவச் சிறுவர் இருவரும், அவர்களுக்கு வழிகாட்டிய இஸ்ரேலிய இளைஞர் ஒருவரும் ஆவர். விசாரணைக்கு முன்பே பதிலடி கொடுக்கப்பட்டிருந்தால் அதன் விலையை யார் கொடுத்திருப்பார்கள்? வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்ற பரங்கிப்பேட்டை, லால்பேட்டைக் குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டளவிலான வினாவன்று.

தவறான தடத்தைத் திட்டமிட்டே விட்டுச் செல்வோரும் உண்டு. 2018-இல் தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் தொடக்க விழாவின்போது கணினிகளைத் தாக்கிய தீநிரலில், வடகொரியாவைச் சுட்டும் போலி அடையாளங்கள் புதைக்கப்பட்டிருந்தன. 2020-இல் அமெரிக்க நீதித்துறை அதற்காகக் குற்றம் சாட்டியது ரஷ்ய இராணுவ உளவுத்துறை அதிகாரிகளை. பழி பிறர் மேல் விழுவதே இங்குத் தாக்குதலின் ஒரு பகுதியாக இருந்தது.

நம் நாட்டில் நடந்தது

எதிர்த் தாக்குதல் குறித்த உலக வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. 2010-இல் பெங்களூரின் ஏய்ப்ளெக்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனம், திரைப்பட நிறுவனங்களின் சார்பில் திருட்டுப் பிரதிகளை இணையத்திலிருந்து நீக்கும் பணியைச் செய்து வந்தது. நீக்குமாறு அறிவிப்பு அனுப்பியும் இணங்காத தளங்களைப் போலி வேண்டுகோள்களால் முடக்குவதுண்டு என்று அதன் தலைமை அதிகாரி கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின.

விளைவு என்ன? அவ்வாண்டு செப்டம்பரில் ‘அனானிமஸ்’ என்னும் முகமற்ற ஊடுருவல் கூட்டம் பதிலடிக்குக் கிளம்பியது. ஏய்ப்ளெக்ஸின் தளம் முடங்கியது. அத்துடன் நிற்கவில்லை. அமெரிக்கத் திரைப்பட, இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கத் தளங்களும் தாக்கப்பட்டன. பிறகு, திருட்டுப் பிரதி இறக்கியதாக ஐயுற்றவர்களுக்குப் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பி வந்த ஏ.சி.எஸ். லா என்னும் இங்கிலாந்து வழக்கறிஞர் நிறுவனத்தின் தளம் தாக்கப்பட்டது. அத்தளத்தை மீட்டெடுக்கும்போது நேர்ந்த கவனக்குறைவால் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் தொகுப்பு முழுவதும் வெளியே கசிந்தது. அதில் 5,000-க்கும் மேற்பட்ட இணைய வாடிக்கையாளர்களின் பெயர்களும் முகவரிகளும், அவர்கள் எந்தப் படத்தை இறக்கியதாக ஐயுறப்பட்டனர் என்ற விவரமும் இருந்தன. பல ஆபாசப் படங்களின் பெயர்களும் அவற்றில் அடங்கும். அவர்களுள் எவர் மீதும் குற்றம் நிறுவப்பட்டிருக்கவில்லை. பெங்களூரிலிருந்து புறப்பட்ட அடியும் அதற்குக் கிடைத்த பதிலடியும் சேர்ந்து, எங்கோ இருந்த குடும்பங்களின் மானத்தைச் சந்தையில் விரித்தன.

தமிழகத்தில் 2012-இல் நிகழ்ந்ததும் நினைவுகூரத் தக்கது. ‘3’ என்னும் தமிழ்ப்படத்தின் தயாரிப்பாளர்கள் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தில், பெயர் தெரியாத எதிரிகள் மீதும் செல்லுபடியாகும் தடையாணை பெற்றனர். நீதிமன்றத்தை நாடியது முறையான வழியே. ஆனால் ஆணை பொதுப்படையாக இருந்ததால், இணையச் சேவை நிறுவனங்கள் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்காமல், விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. தம் சொந்தக் காணொளிகளை அங்கு வைத்திருந்தவர்களும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டனர். இதைக் கண்டிக்கிறோம் என்று கூறி அனானிமஸ் கூட்டத்தார் மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் இணையத்தளத்தையும் காங்கிரஸ் கட்சியின் தளத்தையும் முடக்கினர். ஜூன் மாதத்தில் உயர்நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தி, திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று வரையறுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நீதிமன்ற ஆணையில் பிழை நேர்ந்தால் அதைச் சுட்டிக்காட்ட ஒரு வாசல் இருக்கிறது. அது சில வாரங்களில் திருத்தப்பட்டது. எதிர் ஊடுருவலில் பிழை நேர்ந்தால் முறையிட வாசலே இல்லை. அடிபட்டவருக்குத் தன்னை அடித்தவர் யார் என்பதுகூடத் தெரியாது.

நன்மை செய்யப் புறப்பட்ட புழு

தீய நோக்கம் இருந்தால்தானே தீமை விளையும் என்று கேட்கலாம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. சில நாட்களிலேயே வெல்ச்சியா என்னும் மற்றொரு புழு வெளிவந்தது. அது கணினிகளுக்குள் அனுமதியின்றி நுழைந்து, பிளாஸ்டரை அழித்து, பாதுகாப்புத் திருத்தத்தையும் நிறுவ முயன்றது. கேட்பதற்குத் தொண்டு போலத் தோன்றும். ஆனால் அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய தகவல்களின் நெரிசலால் பெரும் வலையமைப்புகள் திணறின. ஏர் கனடா விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவு தடைபட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசாச் சரிபார்ப்புக் கணினிகள் சில மணி நேரம் நின்றன.

2017 ஜூலையில் இதன் கொடிய வடிவத்தை நம் நாட்டினர் அனுபவித்தனர். பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் சுமார் 60,000 செயலிழந்ததாகச் செய்திகள் வெளியாயின. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதே தாக்குதலுக்கு வழிவகுத்தது. பிரிக்கர்பாட் என்னும் அழிவு நிரலை இயற்றியவர் இதற்குத் தாமே பொறுப்பு என்று உரிமை கொண்டாடினார். அவர் கூறிய நியாயம், பாதுகாப்பற்ற கருவிகளைத் தீயவர்கள் கைப்பற்றிப் படையாக்குவதற்கு முன் தாமே அழித்துவிடுவது உலகுக்கு நன்மை என்பது. கடவுச்சொல்லை மாற்றத் தெரியாத ஒரு மளிகைக் கடைக்காரரின் இணைப்பையும், தேர்வு விண்ணப்பம் அனுப்பக் காத்திருந்த ஒரு மாணவியின் இணைப்பையும் துண்டித்தது எந்த நன்மைக் கணக்கில் சேரும்?

ஃபிக்ஹ் நூல்களின் நோக்கு

இனி நம் மரபுக்கு வருவோம். திருட்டுப் பிரதி பாவமன்று, அறிவு அனைவருக்கும் பொது என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் ஐந்தாவது அமர்வு, நூலாக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே என்று தீர்மானித்தது. எனவே படைப்பாளியின் முறையீடு நியாயமானது. அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே கேள்வி.

அத்துமீறித் தாக்குபவனை ‘ஸாஇல்’ என்பர் ஃபிக்ஹ் அறிஞர்கள். ஷாஃபிஈ மத்ஹபின் மூல நூல்களுள் ஒன்றாகிய இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ இதற்குத் தனி இயலே வகுத்துள்ளது. தாக்குபவனைத் தடுப்பது உரிமை. ஆனால் அது படிப்படியாக இருக்க வேண்டும். சொல்லால் தடுக்க முடிந்தால் கையை ஓங்கக் கூடாது. கையால் முடிந்தால் கோலை எடுக்கக் கூடாது. விலகித் தப்ப முடிந்தால் அதுவே முந்தியது. இணைப்பைத் துண்டித்தாலே தாக்குதல் நின்றுவிடும் என்னும்போது, தாக்குபவனின் கணினியை அழிக்கும் படிக்கு ஏற நியாயம் இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

மற்றொரு சட்டம் நம் பொருளுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. பிறர் வீட்டுக்குள் துவாரத்தின் வழியே வேண்டுமென்றே எட்டிப் பார்ப்பவன் மீது வீட்டார் சிறு கல்லை எறிந்து, அவனுடைய கண் பழுதானால் எறிந்தவர் மீது குற்றமில்லை என்னும் கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் உண்டு. அதன் வெளிப்படையான பொருளைக் கொண்ட ஷாஃபிஈ அறிஞர்களும்கூட நிபந்தனைகள் விதித்தனர். அவன் பார்த்துக் கொண்டிருக்கும்போது மட்டுமே எறியலாம். திரும்பிச் சென்றபின் துரத்திச் சென்று எறியக் கூடாது. எறிவது பொடிக்கல்லாக இருக்க வேண்டும். வீட்டுக்கதவு திறந்து கிடந்து அதன் வழியே பார்த்தான் என்றால் எறிய அனுமதியில்லை. ஏனெனில் கதவைத் திறந்து வைத்தது வீட்டாரின் கவனக்குறைவு. மாற்றப்படாத கடவுச்சொல் என்னும் திறந்த கதவை வைத்துக்கொண்டு பதிலடி பேசுவோர் இந்நிபந்தனையைச் சிந்திக்க வேண்டும்.

எதிர் ஊடுருவலுக்கு ஆதரவாக ஃபிக்ஹில் காட்டக்கூடிய வலுவான ஆதாரம் ‘ழஃபர்’ என்னும் சட்டமாகும். கணவர் போதிய செலவுத்தொகை தருவதில்லை என்று முறையிட்ட ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, நியாயமான அளவு அவருடைய பொருளிலிருந்தே எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இதனடிப்படையில், கடனை மறுப்பவனிடமிருந்து, சான்று இல்லாத கடன்காரர் தம் உரிமையைத் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் கூறினர். வேறு வழியில்லையேல் கதவை உடைக்கவும் சுவரைத் துளையிடவும்கூட மின்ஹாஜ் இடமளிக்கிறது. இதைவிடத் தெளிவான அனுமதி வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம்.

ஆனால் உரையாசிரியர்கள் விதித்த நிபந்தனையைக் காண வேண்டும். உடைக்கப்படும் கதவும் சுவரும் அந்தக் கடனாளிக்கே சொந்தமானவையாக இருக்க வேண்டும். அவற்றில் அடமானம், வாடகை போன்ற வகையில் மூன்றாமவரின் உரிமை கலந்திருந்தால் கை வைக்கக் கூடாது. ஹிந்த் (ரலி) அவர்களின் வழக்கில் எதிரி யார் என்பதில் ஐயமில்லை. எடுக்க வேண்டிய பொருள் யாருடையது என்பதிலும் ஐயமில்லை. கணினித் தாக்குதலில் இவ்விரண்டும் இல்லை. எதிரி அறியப்படாதவன், நாம் துளையிடப் போகும் ‘சுவர்’ பெரும்பாலும் மூன்றாமவருடையது. வாடகைக்கு விடப்பட்ட சர்வர் ஒன்றில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கோப்புகள் குடியிருக்கும். மேலும், திருடப்பட்ட தகவலை மீட்டெடுப்பது என்பதும் மயக்கம் தரும் சொல். எடுக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம். எடுக்கப்பட்ட பிரதி எத்தனை இடங்களில் பெருகியுள்ளது என்பதை யார் அறிவார்? ஒரு பிரதியை அழிப்பதால் உரிமை திரும்பி வந்துவிடுவதில்லை.

உஸ்மானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’, இவ்விவாதத்துக்கே எழுதப்பட்டது போன்ற ஒரு விதியைக் கொண்டுள்ளது. அதன் 921-ஆம் பிரிவின்படி, தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதற்காக ஒருவர் பிறருக்கு அநீதி இழைக்கும் உரிமையைப் பெறுவதில்லை. ஒருவன் நம் பொருளை அழித்தான் என்பதற்காக நாம் அவன் பொருளை அழித்தால் இருவருமே இழப்பீடு தர வேண்டும். அவனுடைய குலத்தைச் சேர்ந்த வேறொருவனின் பொருளை அழித்தாலும் அவ்வாறே. கள்ள நாணயத்தால் ஏமாற்றப்பட்டவர் அதனை அடுத்தவர் தலையில் கட்டலாகாது என்பதும் அப்பிரிவில் எடுத்துக்காட்டாக வருகிறது. தாக்குண்டவர் தம் இழப்பை, வசப்படுத்தப்பட்ட ஓர் அப்பாவியின் கணினி மீது தள்ளிவிடுவது இந்தக் கள்ள நாணயத்தைக் கைமாற்றுவதற்கு ஒப்பானதே.

ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், பிறரைத் துருவி ஆராயாதிருக்குமாறும், செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறும் சூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. விசாரிக்காவிடில், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்பு வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. ஐ.பி. முகவரி என்பதும் நம்மிடம் வந்த ஒரு செய்திதான்.

மறுதரப்பின் வாதம்

எதிர் ஊடுருவலை ஆதரிப்போரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ‘காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் ஆண்டுகள் கழிகின்றன. எதிரி வேறொரு நாட்டில் இருக்கிறான். பல்லாண்டு உழைப்பில் உருவான படமோ நூலோ வெளியான அன்றே திருட்டுப் பிரதியாகிறது. அரசு காக்கவில்லை என்றால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?’ என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியில் உண்மையான வேதனை இருக்கிறது. அமெரிக்காவில் 2017-லும் 2019-லும், தாக்குண்டவர்களுக்கு வரையறுத்த எதிர் நடவடிக்கை உரிமை வழங்கும் மசோதா நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டதும் இவ்வேதனையின் வெளிப்பாடே. அம்மசோதா சட்டமாகவில்லை.

ஆயினும் இவ்வாதம் ஓர் உண்மையை மறந்துவிடுகிறது. எதிர் ஊடுருவல் உரிமை எழுத்தில் அனைவருக்கும் பொதுவாகத் தரப்பட்டாலும், நடைமுறையில் அதனைப் பயன்படுத்த வல்லவர்கள் பெரும் நிறுவனங்களே. சிதம்பரத்தில் சிறு அச்சகம் நடத்துபவரிடம் எதிர் ஊடுருவலுக்கான வல்லுநர் படை இல்லை. ஆனால் பாதுகாப்புக் குறைந்த கணினி இருக்கிறது. அதாவது, இவ்வுரிமையால் பயனடைவோர் பட்டியலில் அவர் இல்லை. அடிபடுவோர் பட்டியலில் இருக்கிறார். பலவீனரைக் காக்கக் கோரப்படும் உரிமை பலவீனர் மீதே பாய்கிறது.

பலசாலியும் இதில் தப்புவதில்லை. மின்குப்பை அஞ்சல் அனுப்புவோருக்குத் தன் உறுப்பினர்களின் கணினிகள் வழியாகவே புகார்களைக் குவித்துப் பாடம் கற்பித்து வந்த புளூ செக்யூரிட்டி என்னும் இஸ்ரேலிய நிறுவனம் 2006 மே மாதத்தில் பெரும் பதிலடிக்கு உள்ளானது. அந்நிறுவனத்தின் வாசகர்கள் திருப்பிவிடப்பட்ட வேறொரு தளமும், அதனோடு ஏராளமானோரின் வலைப்பதிவுகளும் முடங்கின. அம்மாதமே புளூ செக்யூரிட்டி தன் சேவையை மூடியது.

சட்டமும் எஞ்சியுள்ள வழிகளும்

நம் நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதையும், தகவலை எடுப்பதையும், சேதப்படுத்துவதையும், முடக்குவதையும் இழப்பீட்டுக்கு உரியதாக்குகிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ‘என்னை முதலில் தாக்கினான்’ என்பதற்கு அச்சட்டத்தில் விலக்கு இல்லை. நோக்கம் எதுவாயினும் அழித்த பொருளுக்கு ஈடு தர வேண்டும் என்னும் ஃபிக்ஹின் ‘ழமான்’ கோட்பாட்டுக்கு இந்த 43-ஆம் பிரிவு நெருக்கமாக இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம். உடலையும் உடைமையையும் காக்கும் தற்காப்பு உரிமையை 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் ஏற்கிறது. ஆனால் அரசு அதிகாரிகளை நாட அவகாசம் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கிழைக்கவும் உரிமை இல்லை.

அப்படியாயின் எஞ்சியிருப்பது கையறு நிலைதானா? இல்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் இங்கிலாந்தின் மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தபோது, அதன் பரவலை நிறுத்தியவர் ஓர் இளம் ஆய்வாளர். அந்நிரல் ஒரு குறிப்பிட்ட இணையப் பெயரைத் தேடுவதைக் கண்டு, யாரும் பதிவு செய்யாதிருந்த அப்பெயரைச் சுமார் 10 டாலரில் தாமே பதிவு செய்தார். தீநிரல் அடங்கியது. அவர் யாருடைய கணினிக்குள்ளும் நுழையவில்லை. பிறருடைய கணினிக்குள் நுழைந்தே தீர வேண்டிய நிலை வந்தால் அதற்கும் முறை உண்டு. 2021-இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. நூற்றுக்கணக்கான கணினிகளில் ஊடுருவல்காரர் விட்டுச் சென்ற பின்வாசல்களை அகற்றியபோது நீதிமன்ற ஆணை பெற்றே செய்தது. உரிமையாளர்களுக்குத் தெரிவிக்கவும் முயன்றது. மரபு நூல்களின் மொழியில் சொன்னால், இது காழியின் அதிகாரத்துக்கு உரிய பணி, தனியாருடையது அன்று.

நம்மூர்ப் பள்ளிகளும் அச்சகங்களும் கடைகளும் செய்யக்கூடியவை பல. மோடத்துக்கும் கேமராவுக்கும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை உடனே மாற்றுதல். முக்கியக் கோப்புகளின் பிரதியை இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு கருவியில் வைத்தல். தாக்குதல் நேர்ந்தால் பதிவேடுகளை அழிக்காமல் காத்தல் ஆகியன முதற்கடமைகள். பணமோசடி என்றால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் முடக்க விரைவே துணை. நிறுவனங்கள் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் பிறப்பிக்கப்பட்ட கட்டளை. திருட்டுப் பிரதிக்கு எதிராகக் குறிப்பிட்ட பக்கங்களைச் சுட்டி நீதிமன்றத்தை நாடும் வழியும் திறந்திருக்கிறது. இவ்வழிகள் மெதுவானவை என்பது உண்மை. அவற்றை விரைவுபடுத்தக் கோருவதும், காவல் நிலையங்களில் தகுந்த பயிற்சி பெற்றோரை அமர்த்தக் கோருவதும் குடிமக்களின் உரிமை. தாமதத்துக்கு மருந்து நீதியை விரைவாக்குவதே, நீதியைக் கைவிடுவதன்று.

கணினி கற்ற நம் இளைஞர்களிடம் இன்று இத்திறமை மிகுதியாக இருக்கிறது. அதனைப் பயன்படுத்தித் ‘தீயவர்களுக்கு’ பாடம் கற்பிக்கும் ஆர்வமும் சிலரிடம் உண்டு. அவர்களிடம் நாம் வைக்க விரும்பும் வேண்டுகோள் எளியது. விசையை அழுத்தும் முன், அடி விழப்போகும் கணினி யாருடையது என்பதைச் சான்றோடு சொல்ல முடியுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். முடியாது என்றால், தம் கையில் இருப்பது தண்டிக்கும் அதிகாரம் அன்று, ஒரு சந்தேகம் மட்டுமே என்பதை உணரட்டும். சந்தேகத்தைக் கொண்டு செல்ல வேண்டிய இடம் நீதிமன்றம்.